பறவைக் கூட்டைப் படம் எடுப்பதில் என்ன தப்பு?

"முட்டையைத் தொடவே இல்லை, கூட்டைப் படம்தான் எடுத்தேன், அதற்கும் திட்டுகிறார்கள்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். புதுக் கேமரா, 300 எம்எம் லென்ஸ், ஊர் நாகர்கோவில். வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். நானும் அதே ஊர்ப்பக்கம்தான், அதே லென்ஸ்தான்.

சில வருடம் முன்பு ஓர் ஏப்ரலில், நாகர்கோவில் பக்கத்துப் புத்தளம் உப்பளத்தை ஒட்டிய தரிசில் ஓர் ஆட்காட்டிப் பறவை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போய் உட்காருவதைப் பார்த்தேன். கிட்டப் போனால் கூடு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. தரையில் சின்னப் பள்ளம், சுற்றிச் சரளைக்கல், நடுவில் மண் நிறத்தில் நாலு முட்டை. கொளுத்தும் வெயிலில் ஆட்காட்டி தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். எனக்கு அந்தப் படம் வேண்டும். பத்தடி தள்ளிக் குத்தவைத்துக் காத்திருந்தேன். பறவையோ தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறதே தவிர இறங்கவில்லை. நான் அதையும் எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வரப்பிலிருந்தே சொன்னார்: "மக்களே, நீ அங்கேருந்து மாறுனாதான் அது வரும். முட்டை வெந்து போவும்லா."

"அஞ்சு நிமிசம் அண்ணாச்சி" என்றேன். முக்கால் மணி நேரம் இருந்தேன்.

மறுநாள் காலையில் பள்ளம் காலி. பக்கத்தில் இரண்டு காக்கை. ஈர மண்ணில் என் செருப்புத் தடம் நேராக அந்தப் பள்ளம்வரை போயிருந்தது.

கீரி தின்றிருக்கலாம், நாய் தின்றிருக்கலாம், நீ ஏன் பழியைச் சுமக்கிறாய் என்று கீழே எழுத வருபவர்களுக்கு: இருக்கலாம், நான் பார்க்கவில்லை. ஆனால் முக்கால் மணி நேரம் அந்தப் பறவை கத்தியது என்னால்தான். காக்கைக்கும் காது உண்டு. அப்புறம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்திலேயே பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வருகிறது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அன்றைக்கு எடுத்ததில் ஒரு படத்தை ஒரு கடைக்காரர் என்னிடம் கேட்காமலே காலண்டரில் போட்டுவிட்டார். கீழே 'கொக்கு' என்று வேறு அச்சடித்திருந்தார்! போன் பண்ணினால், "நெட்ல கிடந்துச்சு தம்பி" என்கிறார். பெயர் போடாததுகூடப் போகட்டும், ஒரு காலண்டராவது தந்திருக்கலாம். சரி, அது வேறு கதை.

எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அடிக்கணக்கு வைத்துப் பிரயோஜனம் இல்லை. மேய்ந்துகொண்டிருந்த பறவை மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தாலே நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள், இரண்டெட்டுப் பின்னால் வாருங்கள். கத்த ஆரம்பித்தால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது, வந்த வழியே போய்விடுங்கள். போனில் அந்தப் பறவையின் குரலைப் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம். தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டது என்று அது இரையை விட்டுவிட்டு அலையும். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். என்னைப்போல் பத்துப் பேர் வருவார்கள்.

கூடுதான் வேண்டும் என்றில்லையே. தேரூர் குளத்துக்குப் போங்கள். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022-லிருந்து ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில், இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் விடிந்ததும் போய் பைக்கை ரோட்டோரம் நிறுத்தி, இறங்காமல் அதன்மேலேயே உட்கார்ந்திருங்கள். வண்டிச் சத்தத்துக்குப் பழகிய பறவைகள், உங்களைக் கண்டுகொள்ளாது. கூழைக்கடாவுக்கும் மஞ்சள்மூக்கு நாரைக்கும் உங்கள் 300 எம்எம் லென்ஸ் தாராளம். தாமரை இலைமேல் நடக்கிற இலைக்கோழிக்குப் பற்றாதுதான். படத்தின் ஓரத்தை வெட்டிக் கிராப் செய்துகொள்ளுங்கள், குளத்துக்குள் இறங்கிவிடாதீர்கள்.