அப்பாட போன் கட் ஆகுற இடம்

திருக்கடலூரில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. பேராதனையில இன்ஜினியரிங் முடிச்சிட்டாவாம், கொழும்பில டெலிகொம் கொம்பனி வேலையும் ரெடி, பின்லாந்தில வயர்லெஸ் பிஎச்டிக்கு இடமும் கிடைச்சிருக்கு. "அம்மா வேலைக்குப் போகச் சொல்றா. 5ஜியே வந்திட்டு, இனி என்னத்தக் கண்டுபிடிக்கப் போறாய் எண்டு மாமா கேக்கிறார். அப்பா கடலுக்குப் போனா போன் கட் ஆகும், அதாலதான் நான் இந்தப் பக்கமே வந்தனான். என்ன செய்யட்டும் அக்கா?"

தங்கச்சி, உங்கட அப்பாட கதையத்தான் நான் ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். கரைய விட்டுப் போகப் போக சிக்னல் மெல்ல மெல்லக் குறையும் எண்டுதான் நினைக்கிறது, ஆனா கடல் அமைதியான நாளில தண்ணி கண்ணாடி மாதிரி, டவரில இருந்து நேரா வாற அலையும் தண்ணியில பட்டுத் தெறிச்சு வாற அலையும் சில இடத்தில ஒண்டை ஒண்டு அழிச்சுப்போடும், அங்க சிக்னல் விழும், இன்னும் கொஞ்சம் போனா திரும்ப எழும்பும். அதுக்கும் அப்பால பூமியின்ட வளைவு மறைச்சிடும். அப்பாட்ட கேளுங்கோ, அவருக்கு அந்த இடங்கள் தெரிஞ்சிருக்கும்.

மாமாவுக்குச் சொல்லுங்கோ, ஒரு சனலுக்குள்ள, அதாவது சிக்னல் போற ஒரு பாதைக்குள்ள, பிழையில்லாம எவ்வளவு தகவல் அனுப்பலாம் எண்ட எல்லைய குளோட் ஷனன் எண்ட அமெரிக்க விஞ்ஞானி 1948லயே கணக்குப் போட்டுக் காட்டிட்டார், ஆனா அந்த எல்லைக்குக் கிட்டப் போற டர்போ கோட், பிழை திருத்திற ஒரு கோடிங் முறை, வந்தது 1993லதான். பொள்ளாச்சியில பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இந்திய நேவியில சோனார் செய்த மனிசன், கடலுக்குள்ள சத்தம் எந்தப் பக்கத்தால வருது எண்டு பாக்கிற கணக்கோட ஸ்டான்போர்டுக்குப் போய் 1992ல மைமோவுக்கு, அதாவது கன அன்டெனாவால ஒரே நேரத்தில அனுப்பி வாங்கிற முறைக்கு, பேட்டன்ட் கேட்டார். இண்டைக்கு 4ஜி, 5ஜி, வைபை எல்லாத்துக்குள்ளயும் அது இருக்கு.

முடிவெடுக்க முதல் ஒண்டு செய்யுங்கோ. ரெண்டு அன்டெனாவால சிக்னல் அனுப்பிற முறையப் பற்றி அலமூட்டி எண்ட இன்ஜினியர் 1998ல எழுதின ஆய்வுப் பேப்பர், சின்னப் பேப்பர்தான், அதில வாற பிட் எரர் கிராப்ப, அதாவது சிக்னல் கூடக் கூட பிழை எவ்வளவு குறையுது எண்டு காட்டுற கிராப்ப, நீங்களே பைதன்ல கோட் எழுதி எடுத்துப் பாருங்கோ. ரெண்டு அன்டெனாவால அனுப்பி ஒண்டால வாங்கிறது, ஒண்டால அனுப்பி ரெண்டால வாங்கிறதவிட 3 டிபி பின்னுக்கு நிக்கும், அதாவது அதே அளவு பிழைக்கு ரெண்டு மடங்கு பவர் கேக்கும். ஏன் எண்டு மண்டை குடையுதா, பின்லாந்துக்குப் போங்கோ. கோட் ரன் ஆகினதே போதும் எண்டு இருந்தா கொழும்பு வேலைய எடுங்கோ, அது நல்ல வேலை.

கம்பஸின்ட பேரவிட சுப்பவைசர் ஆர் எண்டதுதான் பெரிசு. அவரிட்ட இப்ப படிக்கிற ரெண்டு பேருக்கு மெயில் போட்டு, கிழமைக்கு எத்தனை தரம் சந்திக்கிறவர், முடிச்ச ஆக்கள் இப்ப எங்க எண்டு கேளுங்கோ. நான் கேக்காமப் போய் ஒண்டரை வருசம் வழி காட்ட ஆருமில்லாம ஒரு ப்ராப்ளத்தோட தனியக் கிடந்தனான், அது உங்களுக்கு வேண்டாம்.

அம்மாவுக்கு காசுதான் பயம். பின்லாந்தில பிஎச்டிக்கு டியூஷன் பீஸ் இல்ல, ஆனா சம்பளம் எத்தனை வருசத்துக்கு எண்டு எழுத்தில வாங்குங்கோ. திரும்பி வந்து லெக்சரர் ஆகலாம்தான், இடம் எப்ப விழும் எண்டு தெரியாது, அதால அம்மாட்ட வருசக் கணக்குச் சொல்லி வாக்குக் குடுக்காதீங்கோ.

மாரி தொடங்க முதல் ஒரு நாள் அப்பாவோட கடலுக்குப் போய், சிக்னல் எங்கெங்க விழுது எங்க எழும்புது எண்டு ஜிபிஎஸ்ஸோட ஒரு கொப்பியில எழுதுங்கோ. சுப்பவைசரோட முதல் மீட்டிங்குக்கு அந்தக் கொப்பியக் கொண்டு போங்கோ.