தட்டில் எது எவ்வளவு? அன்றாடச் சாப்பாடு பற்றிய கேள்வி பதில்

அன்றாடச் சாப்பாட்டைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு ஓர் உணவியல் ஆலோசகராக இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மாத்திரை சாப்பிடுபவர்கள் அதன் அளவை உங்கள் டாக்டரிடம் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

மேடம், எனக்கு 46 வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இரவில் சோற்றை விட்டுவிட்டு நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா சாப்பிடுகிறேன். பெரிய மாற்றம் இல்லை. வரகு, சாமைக்கு மாறினால் குறையுமா? (மதுரை)

வந்த கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாலு சப்பாத்திக்கு ஏறக்குறைய 120 கிராம் மாவு ஆகும். எண்ணெயோடு சேர்த்தால் 450 கலோரி வரும். சுமார் 300 கிராம் சோற்றிலும் கிட்டத்தட்ட அதே கலோரிதான். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வேறு. தானியம் மாறியிருக்கிறதே தவிர, மாவுச்சத்தின் அளவு அப்படியேதான் இருக்கிறது.

மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் செய்த ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளிவந்தது. நம் மக்கள் சாப்பிடும் மொத்தக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதில் தெரிந்தது. வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு முழுக்கோதுமையோ சிறுதானியமோ வைத்தால் மட்டும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் மாதிரியான புரதத்தை வைத்துக் கணக்கிட்டபோதுதான் குறைந்தது.

வரகும் சாமையும் நல்ல தானியங்கள். நார்ச்சத்து உண்டு, மெதுவாகச் செரிக்கும். ஆனால் அவையும் தானியங்கள்தான். சோறு சாப்பிட்ட அதே அளவுக்கு வரகரிசிச் சோற்றைக் குவித்துக்கொண்டால் பலன் இருக்காது. கேழ்வரகு வேறு ஒரு காரணத்துக்காக எனக்குப் பிடிக்கும். 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கிறது. வேறெந்தத் தானியமும் அதன் கிட்டே வராது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. இரவில் இரண்டு சப்பாத்தி போதும். உருளைக்கிழங்கு குருமாவுக்குப் பதில் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஒரு கிண்ணம் நிறைய. கூடவே வெள்ளரிக்காய், தக்காளி, கேரட் ஏதாவது பச்சையாக. மதியம் சோறு போடும் முன் தட்டில் பாதியைப் பொரியலும் கூட்டும் கீரையும் பிடித்துக்கொள்ளட்டும். மிச்சப் பாதியில்தான் சோறும் பருப்பும். காயை முதலில் போட்டால் சோறு தானாகக் குறைகிறது. சோற்றை முதலில் போட்டுவிட்டால், காய் ஓரத்தில் ஊறுகாய் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

நாங்கள் சைவம். தினமும் சாம்பார் உண்டு, தயிர் உண்டு. புரதம் போதாது என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? (கும்பகோணம்)

உங்கள் வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள் என்று அளந்து பாருங்கள். ஐந்து பேருக்கு, காலை இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் சேர்த்து ஒரு டம்ளர், அதாவது 150 கிராம் துவரம்பருப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 30 கிராம். அதில் புரதம் 6 அல்லது 7 கிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் வேண்டும். அரிசியிலும் கோதுமையிலும் கொஞ்சம் வருகிறது, தயிரில் கொஞ்சம் வருகிறது. அப்படியும் பல வீடுகளில் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது.

அதை நிரப்பப் பொடி டப்பா எதுவும் வாங்க வேண்டாம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 30 கிராம், 7 கிராம் புரதம் தரும். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் ஏறக்குறைய 10 கிராம். நவராத்திரி ஒன்பது நாளும் வீட்டில் சுண்டல் மணக்கிறது, பத்தாம் நாள் மறந்துவிடுகிறோம். மாலை நாலு மணிக்கு முறுக்கும் பிஸ்கட்டும் இருக்கிற இடத்தில் வருடம் முழுக்கச் சுண்டல் இருக்கட்டும். காலையில் வாரம் இரண்டு நாள் தோசைக்குப் பதில் அடை. பாசிப்பயறு தோசையும் செய்யலாம், அதற்கு அரிசியே வேண்டாம். பருப்பு உசிலி, மோர்க்குழம்பில் பருப்புருண்டை எல்லாம் உங்கள் ஊர்ச் சமையலில் ஏற்கெனவே இருப்பவைதானே.

வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி போட்டுக் காபி குடிக்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாமா அக்கா? (ஈரோடு)

கூடாதும்மா. கருப்பட்டியின் மணமும் ருசியும் எனக்கும் பிடிக்கும். ஆனால் வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி மூன்றிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். அதில் இருக்கும் தாதுக்கள் இரண்டு ஸ்பூனில் கணக்குக்கு வராது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்கு மேல் போக வேண்டாம் என்கிறது. மூன்று வேளைக் காபிக்கு இரண்டிரண்டு ஸ்பூன் என்றால் அதிலேயே 30 கிராம் வந்துவிடும். காபியில் ஸ்பூனை மெல்ல மெல்லக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

மரச்செக்கு எண்ணெய் இருதயத்துக்கு நல்லது என்று சொல்லி வீட்டில் தாராளமாக ஊற்றுகிறார்கள்.

எந்தச் செக்கில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. ஆளுக்கு ஒரு மாதத்துக்கு 900 மில்லிக்குள் நிற்க வேண்டும். நாலு பேர் வீட்டில் ஐந்து லிட்டர் கேன் மாதக் கடைசிக்குள் காலியானால், எண்ணெயின் வகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அளவைப் பற்றிப் பேசுங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம். மிஞ்சியதை அடுத்த ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள்.

சென்னையில் தனியாக இருக்கிறேன். மூன்று வேளையும் மெஸ்ஸும் ஓட்டலும்தான். சமைக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை. எனக்கெல்லாம் வழி உண்டா? (வேளச்சேரி, 26 வயது)

கண்டிப்பாக உண்டு, தம்பி. மெஸ் சாப்பாட்டில் பொரியலும் கூட்டும் திரும்பக் கேட்டால் தருவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். சோறு இரண்டாம் முறை வரும்போது பாதி போதும் என்று சொல்லுங்கள். அப்பளத்தை விட்டுவிடலாம். கடைசியில் மோர் வாங்கிக் குடியுங்கள்.

காலையில் பூரியை விட இட்லி நல்லது. ஆனால் இட்லியோடு மட்டும் எழுந்துவிடாதீர்கள். ஒரு அவித்த முட்டை, அல்லது சாம்பாரைக் கிண்ணத்தில் வாங்கிக் குடிப்பது. இரவில் பரோட்டாக் கடைக்கு நண்பர்களோடு போகத்தான் செய்வீர்கள். மூன்றுக்குப் பதில் ஒன்று, கூட இரண்டு ஆம்லெட் அல்லது கலக்கி. சால்னாவில் எண்ணெய் மிதக்கும், அதை ஊற்றிக் குழப்ப வேண்டாம், தொட்டுக்கொள்ளுங்கள்.

அறையில் அடுப்பு இல்லாவிட்டாலும் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வாழைப்பழம், கொய்யாப்பழம் வைத்துக்கொள்ள முடியும். ராத்திரி பதினொரு மணிக்குப் பசித்தால் போனில் ஆர்டர் போடுவதற்கு முன் கை அங்கே போகட்டும்.

என் மகனுக்கு 8 வயது. சாப்பாடு சரியாக இறங்காது. பாலில் கலக்கும் சத்துப் பானம் கொடுத்தால்தான் மனசு ஆறுகிறது. எது நல்ல பிராண்டு? (திருச்சி)

பிராண்டு சொல்வதை விட, டப்பாவைத் திருப்பிப் படிக்கச் சொல்லித் தருகிறேன். பொருள் பட்டியலில் எது அதிக எடையோ அதுதான் முதலில் இருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை இருந்தால் அது இனிப்பு மாவு. மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப் என்று வேறு பெயர்களிலும் கூடுதல் சர்க்கரையும் மாவும் நுழையும். ஊட்டச்சத்து அட்டவணையில் "ஒரு பரிமாறலுக்கு" என்ற வரியை விட்டுவிட்டு, "100 கிராமுக்கு" என்ற வரியைப் பாருங்கள். அதில் சர்க்கரை 30 என்று இருந்தால், டப்பாவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்குச் சர்க்கரையைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஹெல்த் டிரிங்க்" என்று ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

பிஸ்கட்டுக்கும் இதே முறைதான். முன்பக்கம் ஓட்ஸ், ராகி என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்பக்கம் அது எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். முதல் பெயர் பெரும்பாலும் மைதாதான்.

பையனுக்குப் பசி எடுக்க வேண்டும், அதுதான் முக்கியம். பள்ளிவிட்டு வந்ததும் ஒரு டம்ளர் இனிப்புப் பாலும் நாலு பிஸ்கட்டும் போனால் இரவில் எப்படிச் சாப்பிடுவான்? அந்த நேரத்தில் வேர்க்கடலை உருண்டை ஒன்று, அல்லது வேகவைத்த சோளக்கதிர், அல்லது பழம். மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலுமாக இருந்தால், சோற்றில் வேர்க்கடலையைத் தாராளமாகப் போட்டு, வறுவல் இருக்கும் இடத்தில் ஒரு முட்டை வையுங்கள். அரசுப் பள்ளிச் சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டையும் பயறும் கொடுக்கிறார்கள். கட்டணப் பள்ளிக்குப் போகிற பல பிள்ளைகளின் பெட்டியில் அது இல்லை என்பது எனக்கு நிஜமான வருத்தம்.

பழைய சோறு சாப்பிடலாமா?

தாராளமாக. சோறு வெந்ததும் வெளியில் மணிக்கணக்காகக் கிடக்க விடாமல், சீக்கிரம் ஆற்றித் தண்ணீர் ஊற்றிவையுங்கள். மறுநாள் காலையிலேயே முடித்துவிட வேண்டும், கெட்ட வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதற்கும் அளவு பார்க்க வேண்டும். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய்க்குப் பதில் சின்ன வெங்காயம்.

அப்பாவுக்கு 64 வயது, பிரஷர். உப்பைக் குறைக்கச் சொன்னதும் இந்துப்புக்கு மாறிவிட்டோம். சரிதானே? (நாகர்கோவில்)

இந்துப்பிலும் சோடியம் ஏறக்குறைய அதே அளவுதான். நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், ஒரு சிறு ஸ்பூன், அதற்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உங்கள் வீட்டில் நாலு பேர் என்றால் மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று பாக்கெட்டின் மேல் தேதி எழுதிவைத்துப் பாருங்கள். இதில் அப்பளம், ஊறுகாய், கருவாடு, மிக்சர் எதுவும் சேரவில்லை.

உங்கள் ஊரில் கருவாடு இல்லாமல் இருக்காது. மாதம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு மற்றவற்றில் உப்பு வேண்டாம். சோறு வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் தயிர்சாதத்திலும் உப்புப் போடுவதை நிறுத்தினால் அப்பாவுக்குப் பெரிதாகத் தெரியாது. குழம்பில் புளியும் மிளகும் சற்றுத் தூக்கலாக இருந்தால் உப்புக் குறைவு மறைந்துவிடும். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம், சில பிரஷர் மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுகிறேன், ஆனாலும் ரத்தம் 9-க்கு மேல் ஏறவில்லை. (சேலம், கல்லூரி மாணவி)

சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிக்கும் பழக்கம் உண்டா? கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும், டீயும் காபியும் அதையும் தடுத்துவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். கீரையில் எலுமிச்சை பிழியுங்கள், அல்லது சாப்பிட்டதும் ஒரு நெல்லிக்காய். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (ஆட்டு மண்ணீரல்) நல்லது.

ஆனால் ஹீமோகுளோபின் 9 என்பது கீரையால் மட்டும் சரியாகும் அளவல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகவே கிடைக்கும். மாதவிலக்கு அதிகமா, வயிற்றில் பூச்சியா என்று காரணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. எல்லாருக்கும் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். படிக்கும் வயதில் இது கவனத்தையும் தெம்பையும் தின்றுவிடும்.

நல்ல சாப்பாடு என்றாலே அவகாடோ, சியா விதை, கினோவா என்கிறார்கள். எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகுமா? (திருப்பூர்)

ஒன்றுகூட வேண்டாம். ஆப்பிளை விடக் கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு, 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம். பாதாமுக்குப் பதில் வேர்க்கடலை. விலை உயர்ந்த வெளிநாட்டு மீன் வேண்டாம், மத்தியும் நெத்திலியும் போதும். மத்தியில் ஒமேகா 3 நிறைய, நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேரும். குழம்பாக வையுங்கள், பொரிக்காதீர்கள்.

நாங்கள் யாழ்ப்பாணம். காலையில் புட்டு, இரவில் இடியப்பம், சொதி. கணவருக்குச் சீனி வருத்தம் (சர்க்கரை நோய்). தேங்காய்ப்பாலை அறவே விட வேணுமா?

அறவே வேண்டாம் அம்மா. முதற்பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் சொதி வையுங்கள். எனக்குக் கவலை தருவது இரண்டு வேளையும் மாவாக இருப்பதுதான். புட்டு சிவப்பரிசி மாவில் இருக்கட்டும், பாதி அளவு போதும், கூடவே பயறோ கடலையோ அவித்துவையுங்கள். வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை தினமும் வரலாம். குளிர்பானம் வாங்கினால் போத்தலில் நிறக்குறியைப் பாருங்கள். இலங்கையில் 2016 முதல் சீனி அளவுக்கு ஏற்ப சிவப்பு, மஞ்சள், பச்சை போடுகிறார்கள். கணவருக்குச் சிவப்பும் மஞ்சளும் வேண்டாம்.

அம்மாவுக்கு 78 வயது. மூன்று வேளையும் ரசம் சாதம் மட்டும் போதும் என்கிறார். வற்புறுத்தவும் மனசில்லை. (தஞ்சாவூர்)

ரசத்தை விடச் சொல்லாதீர்கள். அதில் பருப்புத் தண்ணீருக்குப் பதில் வெந்த பருப்பையே மசித்துக் கரைத்துவிடுங்கள். சோற்றைக் குழைத்து, முதல் பிடியில் பருப்புப்பொடியும் நெய்யும். பதினொரு மணிக்குச் சத்துமாவுக் கஞ்சி பாலில், மாலையில் மசித்த வாழைப்பழமோ பப்பாளியோ. முட்டை சாப்பிடுவார் என்றால் குழையக் கிளறிக் கொடுங்கள், மெல்ல வேண்டியதில்லை. பல் வலியா, வாய்ப்புண்ணா என்று ஒரு முறை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வயதானவர்கள் மெல்ல முடியாததை வெளியே சொல்லாமல், பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தால் கஞ்சியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.