ஆர்க்கிடெக்ட் ஆகி, பள்ளிக் கட்டடங்கள் பக்கம் எப்படி வந்தீர்கள்? சிறுவயது ஆர்வமா?

ஆர்வம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. அப்பா கொத்தனார். லீவு நாளில் வீட்டில் இருந்தால் வம்பு என்று என்னையும் சைட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. ரசமட்டத்துக்குள் ஓடும் குமிழியைப் பார்த்துக்கொண்டே பொழுது போய்விடும். எல்லா ஜன்னலும் ஏன் ஒரே உயரத்தில் தொடங்குகிறது என்று ஒருநாள் கேட்டேன். "மூணடிதாண்டா வழக்கம்" என்றார். யார் வழக்கம் என்று கேட்டதற்கு முறைத்தார். அதோடு விட்டுவிட்டேன்.

ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். 2004 ஜூலை 16 அன்று நான் ஒன்பதாம் வகுப்பு. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கொட்டகையில் பிடித்த தீ வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதை விரித்து எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கீற்றைப் பிரித்துவிட்டு ஷீட் போட்டார்கள். சுவரை உயர்த்திக் கட்டும் வேலை அப்பாவுக்குத் தொடர்ந்து கிடைத்தது. கட்டாயம் செய்ய வேண்டிய மாற்றம்தான். ஆனால் அடுத்த கோடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த ஷீட்டுக்குக் கீழே உட்கார முடியவில்லை. தீயும் பிடிக்காமல் சூடும் இறங்காமல் ஒரு கூரை போட முடியாதா என்று அப்பாவிடம் கேட்டேன். "காசு இருந்தா எல்லாம் முடியும்" என்றார்.

படிப்புக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் கணிதம், அப்புறம் ஆர்க்கிடெக்சர் படிப்பில் சேர எழுதும் நாட்டா நுழைவுத் தேர்வு, பி.ஆர்க் ஐந்து வருடம். சிவில் படித்தால் நாலு வருடத்தில் முடிந்துவிடுமே என்று மாமா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. 1972ஆம் வருடச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்த பிறகுதான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம் வருடம் நூலகத்தில் ஒரு பத்திரிகையைப் புரட்டும்போது ஒரு படம் கண்ணில் பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் புர்க்கினா ஃபாசோ நாட்டில் காண்டோ என்ற கிராமத்தின் தொடக்கப் பள்ளி. கட்டியவர் அந்த ஊர்க்காரரே, பிரான்சிஸ் கெரே. ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதிலேயே வீட்டை விட்டுப் போய்ப் படித்தவர். ஜெர்மனிக்கு அவர் முதலில் போனது தச்சு வேலை கற்றுக்கொள்ளத்தான். பெர்லினில் மாணவராக இருந்தபோதே பணம் திரட்டி, 2001இல் அந்தப் பள்ளியைக் கட்டி முடித்தார். மண் கல் சுவர். மேலே இடைவெளி விட்டு அடுக்கிய மண் கல் தளம். அதற்கும் மேலே, மெல்லிய கம்பிகளால் செய்த சட்டத்தில் தூக்கி நிறுத்திய தகரக் கூரை. அறையின் சூடான காற்று தளத்தின் இடுக்கு வழியாக மேலேறி, கூரைக்கும் தளத்துக்கும் நடுவில் வெளியேறிவிடும். எங்கள் ஊரில் போட்டதும் தகரத்தின் சாதிதான்! அதைத் தூக்கி வைக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. 2022இல் அவருக்கு ஆர்க்கிடெக்ட்களுக்கான மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். யாருக்குப் பிறந்தநாள் என்று அம்மா கேட்டார்.

படித்து முடித்ததும் பள்ளி வேலை ஒன்றும் வரவில்லை. மூன்று வருடம் அடுக்குமாடி வீடுகளுக்கு டாய்லெட் டைல்ஸ் வரைந்தேன். பிறகு பள்ளிக் கட்டடங்கள் செய்யும் ஒரு சின்ன அலுவலகத்துக்கு, சம்பளம் குறைவு என்று தெரிந்தே மாறினேன்.

அங்கே என் கையில் முழுதாகக் கொடுத்த முதல் வேலை, தரைத்தளத்தில் ஒன்றாம் வகுப்புக்கான நாலு அறைகள். தரையில் உட்கார்ந்த ஆறு வயதுப் பிள்ளைக்குக் கண் இருக்கும் உயரம் இரண்டு அடிகூட இல்லை. மூணடியில் ஜன்னல் வைத்தால் அந்தப் பிள்ளைக்கு வெளியே வானம் தெரியும், அவ்வளவுதான். ஒன்றரை அடியில் தொடங்கும்படி வரைந்தேன். ஜன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, கதவுகள் வெளிப்பக்கம் திறக்க, ஷீட்டுக்குக் கீழே ஓடு பரப்பி நடுவில் காற்று போக வழி.

திங்கட்கிழமை சைட்டுக்குப் போனால் ஜன்னலுக்குக் கீழே சுவர் மூணடிக்கு நிற்கிறது. "பிளான்ல தப்பா விழுந்துருச்சுன்னு நாங்களே சரி பண்ணிட்டோம் சார்" என்றார் மேஸ்திரி. திட்டவா முடியும்? அப்பாவின் குரலையே கேட்டது போல இருந்தது. இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினோம்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சுவரைத் தட்டிப் பார்த்தார், மூலையில் கண்ணை வைத்து மட்டம் பார்த்தார். அப்புறம் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். எழுந்து வந்து கிரில் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு அளந்தார்.

"சின்னப் பிள்ளை தலை நுழையும்டா. இன்னும் நெருக்கிப் போடணும்."

டேப் வைத்துப் பார்த்தேன். ஐந்தரை அங்குலம். அன்று ராத்திரியே வெல்டரைக் கூப்பிட்டு நடுவில் ஒரு கம்பி கூடுதலாக வைத்தோம்.