27 வயதில் மீசோதீலியோமா வந்து பிழைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இருக்கிறேன். எனக்கு வந்தபோது வயது 29. இப்போது 38 முடியப் போகிறது.

நீங்கள் எழுதியிருப்பது இரண்டே வரி. மனைவிக்கு 27 வயது, வயிற்றுக்குள் மீசோதீலியோமா, அதாவது உள்சவ்வில் வருகிற புற்றுநோய், என்று பயாப்ஸியில் வந்திருக்கிறது, இது வயதானவர்களுக்கு வருகிற நோய், வந்தால் ஒரு வருடம்தான் என்கிறார்களே, இளம் வயதில் வந்து பிழைத்தவர் உண்டா என்று. அதை நீங்கள் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதியிருப்பீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மனைவி பக்கத்தில் படுத்திருப்பார், நீங்கள் போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தேடியிருப்பீர்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் தேடினார். தேடியதையெல்லாம் அழித்துவிட்டு, காலையில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி காப்பி போட்டுக் கொடுத்தார். எனக்கு அதற்கு முந்தின நாளே தெரியும். நாங்கள் ரெண்டு பேரும் ஒரு வாரம் ஒருவரிடம் ஒருவர் நடித்துக்கொண்டிருந்தோம். நோயின் முதல் வாரத்தில் அதுதான் பெரிய கஷ்டம். உங்கள் மனைவியிடம் மறைத்து வைத்திருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை மாற்ற வேண்டாம். "ஒருத்தர் பிழைத்ததை வைத்துப் பொய் நம்பிக்கை கொடுக்காதே" என்று எழுதுகிறவர்களும் வருவார்கள். கேட்டது பிழைத்தவர் உண்டா என்று. உண்டு என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். அப்பா பாய்லர் ஃபிட்டர். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், எங்கே திரும்பினாலும் அரிசி ஆலை. நெல் அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்குப் பாய்லர் வேண்டும். அது போக ஈரோடு, திருப்பூர் சாயப்பட்டறைகளிலும் கூப்பிடுவார்கள். பாய்லர் கதவு இடுக்கில் ஒரு வெள்ளைக் கயிறு வைத்து அடைப்பார்கள். குழாயில் சூடு தங்க ஒரு பொடியைக் குழைத்துப் பூசித் துணி சுற்றுவார்கள். அந்தக் கயிறும் கல்நார், அந்தப் பொடியும் கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்று சொன்னால் எல்லோருக்கும் கூரைச் சீட்டுதான் ஞாபகம் வரும், இப்படியும் இருந்தது. பழைய கயிறு வெந்து இறுகிப் போயிருக்கும், அதை உளி வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு வைக்க முடியும். சாயங்காலம் அப்பா வரும்போது காக்கிச் சட்டை மேல் மாவு மில்லுக்குப் போய் வந்த மாதிரி இருக்கும்.

அந்தச் சட்டையை உதறுவது என் வேலை. நாலு, அஞ்சு வயதிலிருந்து. பொடக்காளியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று ரெண்டு கையாலும் காலரைப் பிடித்து உதறுவேன். சாய்ந்த வெயிலில் தூசி மினுமினுவென்று பறக்கும். அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை உதறுவேன். மிச்சம் விழுந்த கயிற்றுத் துண்டுகளை அப்பா வீட்டுக்குக் கொண்டு வருவார். புரியைப் பிரித்தால் பட்டுநூல் மாதிரி மெத்தென்று வரும். அதை என் மரப்பாச்சிக்குத் தலைமுடியாகக் கட்டி வைத்திருந்தேன். வெள்ளை முடி என்பதால் அதற்கு அமுச்சி, அதாவது பாட்டி, என்று பேர். முடிச்சு இறுகிக்கொண்டால் பல்லால் கடித்துப் பிரிப்பேன்.

2015-இல் வயிறு உப்ப ஆரம்பித்தது. பையனுக்கு அப்போது ரெண்டு வயது. ஒறம்பரை வருகிறவர்கள் "என்ன அம்மிணி, அடுத்த விசேஷமா?" என்று கேட்டார்கள். ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர் தெரிந்தது. நான் போன ஆஸ்பத்திரியில் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். நம் நாட்டில் வயிற்றில் நீர் கோத்தால் முதலில் காசநோயை நினைப்பது தப்பில்லை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிருமி இருக்கிறது என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, ஆறு மாதம் முழுசாக மாத்திரையைத் தின்றேன், நீர் எடுக்க எடுக்க ஊறிக்கொண்டே இருந்தது. அப்புறம் ரத்தத்தில் சிஏ-125 என்ற புரதம் கூடியிருக்கிறது, சினைப்பையில் புற்றுநோயாக இருக்கும் என்றார்கள். கடைசியில் கோயம்புத்தூரில் லேப்ராஸ்கோப்பி வைத்துச் சதை எடுத்து, அதற்குக் கால்ரெட்டினின் போன்ற சாயச் சோதனைகள் செய்த பிறகுதான் பேர் தெரிந்தது. வயிற்றின் உள்சவ்வில் மீசோதீலியோமா, எபிதீலியாய்டு வகை.

மறுநாள் ஒரு சின்ன டாக்டரம்மா வந்தார், மேல்படிப்பு படிக்கிறவர். அதுவரை என்னைப் பார்த்த எல்லோரும் புகையிலை, பாக்கு போடுவாயா என்று கேட்டிருக்கிறார்கள், யாருக்காவது கேன்சர் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இவர்தான் "உங்க அப்பா என்ன வேலைங்க?" என்று கேட்டார். அப்பா இளநீர்ப் பையோடு வாசற்படியில் நின்றிருந்தார். "பாய்லர் வேலைங்க" என்றார்.

"கயிறு போடுவீங்களா?"

"அது போடாம எப்படிங்க."

"வேலைச்சட்டையோட வீட்டுக்கு வருவீங்களா?"

"வருவனுங்க. பாப்பாதான் உதறிப் போடும்."

சொல்லி முடிக்கும்போது அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. இளநீர்ப் பையைக் கீழே வைக்கவும் தெரியாமல் ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டே நின்றார். அவருக்கு எதுவும் வரவில்லை, இன்றைக்கு வரைக்கும் நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

கல்நார் நார் உள்ளே போய் 20 வருடத்திலிருந்து 50 வருடம் வரை கழித்துத்தான் இந்த நோய் தலைகாட்டும். அதனால்தான் வயதானவர்கள் நோய் என்று பேர். பிள்ளை வயதில் உள்ளே போயிருந்தால் கணக்கு முப்பதை ஒட்டி வந்துவிடும். 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் முதன்முதலில் 33 பேரை வைத்து இந்தத் தொடர்பைக் காட்டியபோதே, அதில் சுரங்க வேலைக்குப் போகாமல் பக்கத்தில் குடியிருந்தவர்கள் உண்டு. 1965-இல் லண்டனில் செய்த ஆய்வில், வேலைக்குப் போனவர்களின் வீட்டில் இருந்தவர்களும் வந்தார்கள். எனக்கு 2016-இல் கண்டுபிடிக்கிறார்கள், அதுவும் ஒரு மாணவி கேட்டதால்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயிற்றில் வருகிற வகையில், அதுவும் இளம் பெண்களுக்கு, எல்லாவற்றுக்கும் கல்நார்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பிஏபி1 என்ற மரபணுவில் கோளாறு இருக்கிற குடும்பங்களிலும் வருகிறது. உங்கள் மனைவி விஷயத்தில் என்னவென்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் வளர்ந்த வீட்டில் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டு, டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்கும்போது மாமனாரைக் குற்றவாளி மாதிரி கேட்காதீர்கள், அதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆப்பரேஷன் சென்னையில். நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை ஒரே கீறல், பத்து மணி நேரம். கண்ணுக்குத் தெரிந்த கட்டிகளையெல்லாம் சவ்வோடு உரித்து எடுத்தார்கள். கூடவே மண்ணீரல், குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புச் சவ்வு, கர்ப்பப்பை, ரெண்டு சினைப்பையும் போனது. தைப்பதற்கு முன்னால் கீமோ மருந்தை 42 டிகிரி சூட்டில் வயிற்றுக்குள் ஒன்றரை மணி நேரம் சுற்றவிட்டார்கள். ஹைபெக் என்பது இதுதான். முழித்ததும் எத்தனை குழாய் என்று எண்ணினேன், ஏழுக்கு மேல் எண்ண முடியவில்லை. பத்து நாள் வாயில் ஒன்றும் கிடையாது. பிறகு கஞ்சி, பிறகு இட்லி. எனக்கு வேண்டியது அரிசிம்பருப்பு. அம்மா வாடகை ரூமில் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுச் செய்து, போசியோடு கொண்டு வந்தார். மூணு வாய்தான் இறங்கியது. மூடியில் ஒட்டியிருந்த நெய் வாசத்தை முகர்ந்துகொண்டே படுத்திருந்தேன். அப்புறம் பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள் நாலு சுற்று, 21 நாளுக்கு ஒரு தடவை. அதற்கு முன்னாலிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் போட வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு யாரும் சொல்லாமல் விட்டது ஒன்று. ஆப்பரேஷனுக்கு முன்னாலேயே கருமுட்டையைச் சேமிக்க முடியுமா என்று கேளுங்கள். நோய் காத்திருக்காது என்று சொன்னாலும் சொல்வார்கள். ஆனாலும் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு உள்ளே போகட்டும். எனக்கு ஒரு பையன் இருந்தான், அதனால் கேட்கத் தேவையில்லை என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். 29 வயதில் மாதவிலக்கு நின்று, ராத்திரியெல்லாம் வேர்த்துக் கொட்டி, எலும்பு தேயாமல் இருக்கக் கால்சியம் தின்பது என்னவென்று முன்கூட்டியே ஒருத்தர் உட்கார்ந்து பேசியிருக்கலாம். மண்ணீரலை எடுப்பதாக இருந்தால் அதற்கான தடுப்பூசிகளை முன்னாலேயே போட வேண்டும், அதையும் கேட்டுவிடுங்கள். அந்த டாக்டர் இந்த ஆப்பரேஷனை இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எங்களுக்குச் சரியாகப் பதில் சொன்னவரிடம்தான் போனோம்.

அந்த "ஒரு வருடம்" என்ற எண்ணுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஸ்டீபன் ஜே கூல்ட் என்று ஒரு உயிரியல் அறிஞர். 1982-இல், 40 வயதில், அவருக்கும் வயிற்றில் இதே நோய். புத்தகத்தில் நடு எண் எட்டு மாதம் என்று இருந்தது. நடு எண் என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டி இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம், நான் ஏன் அந்தப் பாதியில் இருக்கக் கூடாது என்று அவர் யோசித்தார். இன்னும் 20 வருடம் இருந்தார், 2002-இல் இறந்ததும் வேறொரு கேன்சரில். ஹைபெக்கோடு ஆப்பரேஷன் செய்துகொண்ட 405 பேரைப் பற்றிப் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வருடம் தாண்டியவர்கள் 47 சதவீதம். கிட்டத்தட்ட பாதி. அந்த ஆப்பரேஷன் எல்லோருக்கும் செய்ய முடியாது என்பதும் உண்மை. மனைவியின் ரிப்போர்ட்டில் எபிதீலியாய்டு என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது நல்ல பக்கம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் என் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை உட்கார வைத்துச் செய்கிற இணைச்சீர் என்று ஒரு கல்யாணச் சடங்கு உண்டு. அது சீர் மட்டும் கிடையாது, உரிமை. ஒரே அக்கா நான். பெரியம்மா ஒருத்தர், கர்ப்பப்பை எடுத்தவள், நோய் கண்ட உடம்பு, மங்கள காரியத்தில் எதற்கு என்று சொல்லி, சித்தப்பா மகளை உட்கார வைக்க ஏற்பாடு செய்துவிட்டார். சடங்கை நடத்திவைக்கிற அருமைக்காரரே "கூடப்பொறந்தவ இருக்கறப்ப எதுக்குங்க மாத்தறீங்க" என்று கேட்டார். என் அப்பா வாயைத் திறக்கவில்லை. தம்பியும் திறக்கவில்லை. நான் நாலாவது வரிசையில் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கென்று எடுத்த சேலையைப் பிறகு ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். இன்னும் பிரிக்கவில்லை. கேன்சர் யாருக்கும் ஒட்டாது. வயிற்றைக் கிழித்துத் தைத்ததைக்கூட நான் மறந்துவிடுவேன், இதை மறக்க மாட்டேன்.

கல்நார்க்காரர்களுக்கும் ஒரு பதில். "இந்தியாவில் விற்கிற வெள்ளைக் கல்நார் பாதுகாப்பானது, ஊரே சீட்டு வீட்டில்தானே இருக்கிறது" என்று எழுதுவார்கள். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. உடையாத சீட்டு சும்மா இருந்தால் ஆபத்து குறைவு. அறுக்கும்போது, துளை போடும்போது, உடைக்கும்போதுதான் நார் பறக்கிறது, அதைத்தானே தினமும் பார்க்கிறோம். 1995-லேயே உச்ச நீதிமன்றம், கல்நார் வேலை பார்க்கிறவர்களின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. ஆலை ஆலையாகப் போய்க் கூலி வாங்கிய அப்பாவுக்கு ஏது பதிவேடு? தொழிலாளர்களுக்கு இழப்பீடு கொடுக்கிற சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் மீசோதீலியோமா இருக்கிறது. அது வேலை பார்த்தவருக்கு. சட்டையை உதறிய பிள்ளைக்கு அதில் இடமில்லை.

2017-இல் வீட்டு அட்டாலியைச் சுத்தம் செய்தபோது ஒரு சுருள் கயிறு கிடைத்தது. யாரிடம் கொடுப்பது என்று ரெண்டு அலுவலகத்தில் கேட்டோம், யாருக்கும் தெரியவில்லை. அப்பா என்னையும் பையனையும் தெருவுக்கு அனுப்பிவிட்டு, அதைத் தண்ணீரில் நனைத்து, ரெண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, பொடக்காளி மூலையில் இடுப்பளவு குழி வெட்டிப் புதைத்தார். மேலே அந்தத் துவைக்கிற கல்லைப் புரட்டி வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் எனக்கு வருடாந்திர ஸ்கேன். உங்கள் மனைவிக்குப் பேச வேண்டும் போலிருந்தால் இங்கேயே கீழே எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.