கறாரும் கண்ணியமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றில், வரும் நிரல்களைச் சரிபார்த்துச் சேர்க்கும் பொறுப்பில் இருக்கிறேன். நடத்தை விதிகள் வேண்டும் என்கிறார்கள் புதிதாக வந்தவர்கள். அப்படி எழுதி வைத்தால் மோசமான நிரலை மோசம் என்று சொல்லவே நாக்கு கூசாதா? ஆவணத்தைப் புரட்டாமலே கேள்வி கேட்பவர்களிடம் எவ்வளவு நாள்தான் பொறுமை காப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழு இந்தக் கேள்வியைத் தாண்டி வந்ததுதான். 2018 செப்டம்பரில், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கடுஞ்சொற்களுக்கு வருத்தம் தெரிவித்துவிட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன. அதனால் பேட்ச்களை, அதாவது அனுப்பி வைக்கும் நிரல் திருத்தங்களை, நிராகரிப்பது ஒன்றும் நின்றுவிடவில்லை.

"இதுகூடத் தெரியாமல் எழுத வந்துட்டீங்களா?" என்று மறுத்தால், எழுதியவர் எதைத் திருத்துவார்? "பட்டியல் காலியாக இருந்தால் இந்த வரியில் நிரல் முறிந்துவிடும். முதலில் நீளத்தைச் சோதியுங்கள், அந்த நிலைக்கு ஒரு டெஸ்ட் எழுதுங்கள், அதுவரை இதைச் சேர்க்க இயலாது." கறார் என்றால் இதுதான், நழுவ இடமே இல்லை. கட்டாயத் திருத்தத்தோடு உங்கள் ரசனையைக் கலக்காதீர்கள். மாறியின் பெயர் பிடிக்கவில்லையா, "நிட்" (சில்லறைக் குறை) என்று முன்னால் போட்டுச் சொல்லுங்கள். அதற்காகப் பேட்ச் காத்திருக்காது என்று அவருக்குப் புரியும். இடைவெளி, அடைப்புக்குறிச் சண்டைகளை நிரலின் வடிவத்தைத் தானே ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டரிடம் விட்டுவிடலாம். கருவி சொன்னால் யாருக்கும் சுருக்கென்று தைக்காது.

ஆவணத்தைப் படிக்காதவருக்கு, உரிய பகுதியின் இணைப்பும் ஒரு வரி விடையும் போதும். ஒரே கேள்வி மூன்றாம் முறை வந்தால் கோளாறு ஆவணத்தில் என்று கொள்ளுங்கள். பிழை அறிக்கைக்கு ஒரு படிவம் வையுங்கள்: பதிப்பு எண், இயங்குதளம், பிழையை வரவழைக்கும் படிகள், எதிர்பார்த்தது, நடந்தது. பிழைச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் எழுத்தாகவே ஒட்டச் சொல்லுங்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் வைத்து வேலை செய்யும் நிரலாளருக்கு அந்தப் படம் வெற்றுத் தாள், தேடலிலும் சிக்காது. "அட, இது தெரியாதா!" என்ற போலி வியப்பை நிரலாளர்கள் கூடிக் கற்கும் நியூயார்க்கின் ரீகர்ஸ் சென்டர் தன் சமூக விதிகளிலேயே விலக்கியிருக்கிறது. நல்ல விதி. ஒருமுறை அந்த வியப்பைக் கேட்டவர் அடுத்த பிழையை உங்களிடம் சொல்லவே வரமாட்டார்.

வீடியோ அழைப்பில் நாலு பேர் பேசி முடிவெடுத்தால், வேறு நேர மண்டலத்தில் தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதில் பங்கில்லை. அப்பாச்சி அறக்கட்டளையின் மென்பொருள் திட்டங்களில் வாக்கெடுப்பைக் குறைந்தது 72 மணி நேரம் திறந்து வைப்பது இதற்காகத்தான்.

விதிகளுக்குப் பலர் கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்ற ஆயத்த நடத்தை விதித் தொகுப்பை அப்படியே நகலெடுக்கிறார்கள். புகார் முகவரிக்கான இடம் நிரப்பப்படாமலே கிடப்பதும் உண்டு! அங்கே ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், புகார் அவர் மீதே வரும்போது என்ன செய்வது? இரண்டு பேராவது வேண்டும். கவனன்ட்டின் 2.0 பதிப்பில் திருத்தச் சொல்லுதல், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என்று நான்கு படிகள் இருக்கின்றன. அதிகமாக நிரல் எழுதித் தரும் மூத்தவருக்கும் இதே படிகள்தான் என்று முதல் நாளே எழுதி வையுங்கள். குழுக்கள் பெரும்பாலும் தடுமாறுவது அவர் விஷயத்தில்தான்.