கானாற்றைக் கடந்த மைல்ட் ஹைபிரிட்: பெல்ட்டை முதலில் பாருங்கள், பேட்டரியை அப்புறம் பார்க்கலாம்

ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாரம் ஒருமுறை ஜவ்வாது மலையில் இருக்கும் பீஞ்சமந்தைக்கு ஏறிப்போய் சாமையும் புளியும் வாங்கி வருகிறவர். செகண்ட் ஹேண்டில் எடுத்த வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற 12 வோல்ட் மைல்ட் ஹைபிரிட் எஸ்யூவி. போன மழையில் ஒரு கானாற்றை முழங்கால் அளவு தண்ணீரில் கடந்திருக்கிறார். அன்றிலிருந்து சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைவதில்லை, என்றைக்காவது அணைந்தாலும் திரும்ப எடுக்கும்போது கிரீச்சென்று ஒரு சத்தம். "ஹைபிரிட் பேட்டரி போச்சு, அதெல்லாம் கழட்டிப் போட்டுட்டு சாதா ஆல்டர்னேட்டர் மாட்டிக்கலாம்" என்று ஒரு மெக்கானிக் சொல்லியிருக்கிறார். கழற்றலாமா, கழற்றாமல் அடுத்த மழையை எப்படித் தாண்டுவது என்பது கேள்வி.

கழற்றாதீர்கள் தம்பி. பேட்டரி போனது மாதிரியும் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வண்டியில் ஹைபிரிட் என்று சொல்வது என்னவென்று பார்த்தால் பயம் பாதி போய்விடும். பழைய வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில், அதே பெல்ட்டில், கொஞ்சம் பெரிய மோட்டார் ஒன்று இருக்கிறது. ஐஎஸ்ஜி என்பார்கள், ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றாகச் சேர்ந்த மோட்டார். பிரேக் போடும்போதும் ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் அது ஆல்டர்னேட்டராகச் சுற்றி சீட்டுக்கு அடியில் இருக்கும் குட்டி லித்தியம் பேட்டரியை நிரப்பும். மறுபடி மிதிக்கும்போது அதே பெல்ட் வழியாக இன்ஜினுக்கு ஒரு கை கொடுக்கும், சிக்னலில் அணைந்த இன்ஜினைச் சத்தமில்லாமல் எழுப்பிவிடும். அவ்வளவுதான். மோட்டார் மட்டும் தனியாக இந்த வண்டியை ஓர் அடிகூட நகர்த்தாது. அதனால் சேற்றில் மாட்டினால் ஹைபிரிட் இழுத்துவிடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

மாருதி கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் போன்றவை 12 வோல்ட் வகை. 2025 இல் வந்த டொயோட்டா ஃபார்ச்சூனர் நியோ டிரைவ் 48 வோல்ட். இரண்டும் 60 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதால்தான் பெரிய ஹைபிரிட்டில் பார்க்கும் ஆரஞ்சு நிற வயர் இதில் கிடையாது, தொட்டால் ஷாக் அடிக்கிற கதையும் இல்லை. ஆனால் 48 வோல்ட்டில் கரண்ட் ஓடும்போது வயர்களை இணைக்கும் கப்ளரைப் பிடுங்கினால் வெல்டிங் மாதிரி பொறி நின்று எரியும். அந்த வேலையை ரோட்டோரம் வைத்துக்கொள்ளக் கூடாது.

சரி, உங்கள் சத்தத்துக்கு வருவோம். காலையில் சாவி போட்டு முதல் தடவை எடுக்கும்போது கிரீச் வருகிறதா, அல்லது சிக்னலில் அணைந்து எழும்போது மட்டுமா? இதை மூன்று நாள் கவனியுங்கள். இந்த வகை வண்டிகள் பலவற்றில் முதல் ஸ்டார்ட்டை எடுப்பது வழக்கமான செல்ஃப் மோட்டார். சிக்னலில் எழுப்புவதுதான் பெல்ட் வழியாக ஐஎஸ்ஜி. சத்தம் இரண்டாவதில் மட்டும் என்றால் ஐஎஸ்ஜி சுற்றப் பார்க்கிறது, பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். சாதா வண்டியில் பெல்ட்டுக்கு ஒரே திசையில்தான் இழுவை. இதில் ஒரு நேரம் இன்ஜின் மோட்டாரை இழுக்கும், இன்னொரு நேரம் மோட்டார் இன்ஜினை இழுக்கும். இறுக்கம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கொண்டே இருக்கும், அதைச் சமாளிக்கத்தான் பெல்ட்டைத் தளராமல் பிடிக்கும் தனி வகை டென்ஷனர். அதில் கானாற்று மணல் நுழைந்தால் என்ன ஆகும்?

போன ஐப்பசியில் என் ஷெட்டுக்கு இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. பெல்ட்டைக் கழற்றித் திருப்பிப் பிடித்தால், உள்பக்கத்து வரிப்பள்ளங்களில் செம்மண் காய்ந்து சுண்ணாம்பு பூசிய மாதிரி இறுகியிருந்தது. நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது, உள்ளே ரப்பர் கண்ணாடி போலப் பளபளத்தது. பளபளப்பு வந்துவிட்டால் அந்த பெல்ட்டைத் துடைத்துப் போடுவதில் பிரயோஜனம் இல்லை. புது பெல்ட் போட்டு, புல்லி பள்ளங்களை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, டென்ஷனர் கையால் அசைத்தால் கரகரக்கிறதா என்று பார்த்து அனுப்பினோம். லித்தியத்தைத் தொடவே இல்லை. சத்தம் அடங்கட்டும் என்று பெல்ட்டில் பவுடர், சோப்பு, ஸ்பிரே எதையாவது போடச் சொன்னால் கேட்காதீர்கள். நாலு நாள் அமைதியாக இருக்கும், அப்புறம் இன்னும் மோசமாக வழுக்கும்.

இன்ஜின் தானாக அணையாததற்குக் காரணம் பெரும்பாலும் பானெட்டுக்குள் இருக்கும் பெரிய லெட் ஆசிட் (ஈய) பேட்டரிதான். அது சோர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் இன்ஜினை அணைக்கவே விடாது. ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டு காலையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்ல சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பழைய ஓனர் சாதா பேட்டரி மாட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள். நின்றால் இன்ஜின் தானாக அணையும் ஐடில் ஸ்டாப் வண்டிக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் என்று எழுதியிருக்கும் வகைதான் போட வேண்டும். கடையில் ஆயிரம் ரெண்டாயிரம் குறைத்துச் சாதாவைத் தள்ளிவிடுவார்கள், அது இந்த வேலைக்கு நிற்காது. இன்னொன்று, நம்ம வேலூர் வெயிலில் சித்திரை வைகாசியில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் அணையாமல் இருந்தால் அது பழுதே இல்லை. கேபின் குளிர வேண்டும் என்றோ, பேட்டரி சூடாக இருக்கிறது என்றோ வண்டியே முடிவெடுத்து அணைக்காமல் விடுகிறது.

பெரிய பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சின்னப் பெட்டி மாதிரி ஒன்று இருக்கும். அது சென்சார், உள்ளே போகும் வெளியே வரும் கரண்ட்டை எண்ணிக்கொண்டிருக்கும். மலைக்குப் போகிறவர்கள் ஃபாக் லைட்டும் ஹாரனும் மாட்டும்போது எர்த் வயரை நேராக அந்த முனையிலேயே சொருகிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்த லைட் தின்னும் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது. பேட்டரி நிரம்பியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் அது காலியாகிக்கொண்டிருக்கும். எர்த்தை பாடியில் எடுங்கள். முன்னால் பம்பர் கார்டு வெல்டிங் வைப்பதாக இருந்தால் நெகட்டிவைக் கழற்றாமல் ஆரம்பிக்கவே விடாதீர்கள்.

மெக்கானிக் சொன்ன சாதா ஆல்டர்னேட்டர் யோசனை ஏன் ஆகாது என்றால், ஐஎஸ்ஜியோடு இன்ஜின் கம்ப்யூட்டர் எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கும். ஆளைக் காணோம் என்றால் டேஷ்போர்டில் விளக்கு எரிய ஆரம்பிக்கும், சார்ஜிங் கட்டுப்பாடும் குழம்பும். முதலில் ஸ்கேனர் போட்டு என்ன கோடு, அதாவது பழுதைச் சொல்லும் குறியீட்டு எண், வருகிறது என்று எழுதி வாங்குங்கள். கோடு இல்லாமல் "பேட்டரி போச்சு" என்று சொல்கிறவரிடம் வண்டியை விட வேண்டாம்.

இனி தண்ணீர். இறங்குவதற்கு முன்னால் ஐடில் ஸ்டாப் பட்டனை அமுக்கி ஆஃப் செய்துவிடுங்கள், ஏனென்றால் நடு ஆற்றில் ஒரு கல்லுக்காக நின்றால் இன்ஜின் தானாக அணைய வாய்ப்பு இருக்கிறது, நனைந்த பெல்ட்டை நம்பி அங்கே எழுப்பச் சொல்லக் கூடாது. மலை ஏறி வந்த சூட்டோடு இறங்காமல் ஐந்து பத்து நிமிடம் கரையில் நில்லுங்கள். சூடான மோட்டாரும் கியர் பாக்ஸும் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆழ அளவு உங்கள் கையேட்டில் இருந்தால் அதுதான் கணக்கு. டொயோட்டா ஹைலக்ஸ் 48 வோல்ட் வண்டிக்கு 700 மில்லிமீட்டர் என்று சொல்கிறார்கள் என்றால், அதற்காகவே மோட்டாரை இன்ஜினில் மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். உங்களுடையது அப்படிச் செய்த வண்டி இல்லை, முழங்கால் ஆழம் இனி வேண்டாம். தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது, தள்ளிக் கரையேற்றுங்கள். கரையேறியதும் சீட்டுக்கு அடியில் கார்பெட்டைக் கையால் அமுக்கிப் பாருங்கள், ஈரம் கசிந்தால் அன்றைக்கே காய வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பெல்ட் பக்கம் சாதா குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு மண்ணைக் கரையுங்கள். வாட்டர் வாஷ்காரர் பிரஷர் கன்னை ஐஎஸ்ஜி மேலேயும் கப்ளர் மேலேயும் அடிக்க விடாதீர்கள், கானாறு செய்யாததை அந்தக் கன் செய்துவிடும்.

இறக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த 12 வோல்ட் லித்தியம் 6 ஆம்பியர்-ஹவர் அளவுள்ளது, அதாவது சுமார் 72 வாட்-ஹவர். ஒரு 9 வாட் எல்இடி பல்ப் எட்டு மணி நேரம் எரியும், அவ்வளவு. மூட்டையோடு ஒன்றரை டன் இருக்கும் வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி கிட்டத்தட்ட 2000 வாட்-ஹவர். பேட்டரி கொஞ்ச நேரத்திலேயே நிரம்பிவிடும், அதற்கு மேல் அது பிடித்துக்கொடுக்கும் பிரேக் எதுவும் இல்லை. ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

மூட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. புளி மூட்டையை சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் அடுக்கினால் லித்தியத்துக்குக் காற்று போகும் இடுக்கு அடைபடும், ஈரப் புளியிலிருந்து வடியும் நீர் கப்ளர் முனைகளை அரிக்கும். சாமை அதைவிடச் சனியன். மூட்டைத் தையலிலிருந்து பிடிப்பிடியாகச் சிந்தி சீட்டு ரெயிலுக்குள் போகும், அதைத் தேடி எலி வரும், எலி சாமையோடு நிறுத்தாது, வயரையும் கடிக்கும். எல்லா மூட்டையையும் பின்னால் தார்ப்பாய் விரித்து அதன்மேல் ஏற்றுங்கள். வாரத்துக்கு ஒருமுறை சீட்டைப் பின்னுக்குத் தள்ளி டார்ச் அடித்துப் பாருங்கள், எலிப் புழுக்கை தெரிந்தால் அன்றைக்கே வயரையும் பார்த்துவிடுங்கள்.