வால்வு கம்ப்ரஸரைச் சீரமைத்தலும் மாற்றியமைத்தலும்: வாசகர் கேள்வி – பதில்

பாடகரின் குரல் உயரும்போது ஒலியளவைத் தானாகக் குறைத்தும், தணியும்போது மீண்டும் உயர்த்தியும் தரும் கருவியே ஒலிக்கூடங்களில் கம்ப்ரஸர் எனப்படுகிறது. இம்முறை புதுச்சேரி, கடலூர் வாசகர்களிடமிருந்து வால்வு (பழைய ரேடியோக்களில் காணும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) கொண்ட கம்ப்ரஸர்களைக் குறித்தே பல கடிதங்கள் வந்திருப்பதால், அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: மூடப்பட்ட ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றிலிருந்து ஆல்டெக் 436பி கம்ப்ரஸர் ஒன்று எனக்குக் கிடைத்தது. 117 வோல்ட் கருவி. பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து நேரடியாக ஓட்டிப் பார்க்கலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கூடாது. நெடுநாள் ஓடாமல் கிடந்த வால்வுக் கருவிக்கு ஒரேயடியாக முழு மின்னழுத்தம் கொடுத்தால், உலர்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் ஷார்ட் ஆகி, பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடக்கூடும். கண்டென்சரைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவிடலாம். அந்த டிரான்ஸ்ஃபார்மரை வாங்க முடியாது.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. அக்காலத்து அமெரிக்கக் கருவிகள் பலவற்றில் இரண்டு முனை மின்கம்பிதான் இருக்கும். அதை மூன்று முனைக் கம்பியாக மாற்றி, எர்த் கம்பியைத் துருவோ பெயின்டோ இல்லாத இடத்தில் சாசியுடன் (கருவியின் உலோகச் சட்டம்) திருகாணியால் இறுக்குங்கள். மின்கம்பிக்கும் சாசிக்கும் இடையே ஒரு சிறு கண்டென்சர் இருந்தால், அது பழுதாகும் நாளில் சாசி முழுவதிலும் ஷாக் அடிக்கும்; ஆகவே தயங்காமல் வெட்டி எடுத்துவிடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் அனைத்தையும் 450 வோல்ட் தாங்கும் புதியவற்றால் மாற்றுங்கள், ஆனால் ஹம் என்ற மின் ரீங்காரம் குறையும் என்று எண்ணி முதல் கண்டென்சரின் மதிப்பைப் பல மடங்கு கூட்டாதீர்கள். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபயர் வால்வு உள்ள கருவிகளில் அந்தக் கூடுதல் சுமை வால்வையே கெடுத்துவிடும்.

அதன் பிறகு 230 வோல்ட் பக்கத்தில், ஸ்டெப்-டவுனுக்கு முன்பாக, 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் போட்டு ஓட்டிப் பாருங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து பின் மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் கண்டென்சர்களில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும் என்பதால், 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரால் சரிபார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும்.

இனி 50 ஹெர்ட்ஸ் பிரச்சினை. பலரும் வோல்ட்டை மட்டும் கவனித்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்கிட்டுச் சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது, அதே வோல்ட்டுக்கு அதன் இரும்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காந்தப் பாய்வைச் சுமக்கிறது; இரவில் நம் வீட்டு மின்னழுத்தம் 250 வோல்ட்டைத் தொடும் நேரத்தில் 220-க்கு 110 ஸ்டெப்-டவுன் 125 வோல்ட்டைத் தருவதால் சுமை இன்னும் ஏறி, டிரான்ஸ்ஃபார்மர் முனகவும் கைபொறுக்காத அளவுக்குச் சுடவும் தொடங்கும். வோல்ட்டை 97 அளவுக்குக் குறைத்தால் இரும்பு தப்பும், ஆனால் வால்வுகளின் 6.3 வோல்ட் ஹீட்டர்கள் 5.3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்; அது வால்வுகளுக்கு நல்லதன்று. எனவே முதலில் பெயர்த் தகட்டில் 50 ஹெர்ட்ஸ் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அதே செகண்டரி (வெளியீட்டுச் சுற்று) அளவுகளோடு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கு ஒரு புதிய டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித் தரச் சொல்லிப் பொருத்திவிட்டு, பழையதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பதே என் கருத்தில் சரியான வழி.

ஒலி செல்லும் பாதையில் உள்ள காகிதக் கண்டென்சர்களையும் நம்பக் கூடாது. அடுத்த வால்வைக் கழற்றிவிட்டு, அதன் கிரிட் (ஒலி நுழையும் உள் வலை) காலில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை. ஒரு வோல்ட் தெரிந்தாலே அந்தக் கண்டென்சர் கசிகிறது, 630 வோல்ட் பிலிம் வகையால் மாற்ற வேண்டும்.

கேள்வி: எல்லாக் கண்டென்சர்களையும் மாற்றிவிட்டேன். ஆனாலும் குறைந்த ஒலியளவு மீண்டும் உயர எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நாள் ஒரு மாதிரியும் மழை நாளில் வேறு மாதிரியும் இருக்கிறது. என் வீடு கடற்கரையை ஒட்டியது.
– வாசகர், குருசுக்குப்பம், புதுச்சேரி

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ஒலியளவைக் குறைக்கும் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் ஒரு கண்டென்சரில் சேமிக்கப்பட்டு, ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியே மெல்ல வடிகிறது. 0.5 மைக்ரோஃபாரட்டும் 1 மெகா ஓமும் என்றால் அந்த நேர அளவு அரை நொடி. கடற்காற்றின் உப்பு, பாகங்களை ஈயம் வைத்துப் பொருத்தும் டேக் போர்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, ஈரப்பதம் கூடும் நாளில் இரண்டு முனைகளுக்கு இடையே இன்னொரு 1 மெகா ஓம் பாதையை உண்டாக்கினால், அரை நொடி கால் நொடியாகிவிடுகிறது. கருவியில் ஒரு பாகமும் கெடவில்லை, ஆனாலும் அதன் குணமே மாறிவிட்டது.

ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் டேக் போர்டையும், வால்வு சாக்கெட்டின் கால்களுக்கு இடைப்பட்ட பகுதியையும் நன்றாகத் துடைத்து முழுவதும் உலரவிடுங்கள். சாக்கெட்டைப் பலர் மறந்துவிடுவார்கள். பிளேட்டின் (வால்வின் வெளியீட்டு முனை) உயர் மின்னழுத்தமும் கிரிட்டும் அருகருகே இருக்கும் இடம் அதுதான். அதற்குப் பின்னும் மாற்றம் தெரிந்தால், வாயு கசிந்த வால்வைச் சந்தேகியுங்கள்.

பழைய கார்பன் ரெசிஸ்டர்களும் ஈரக்காற்றில் மதிப்பு ஏறும் இயல்புடையவை. குறித்த மதிப்பிலிருந்து இருபது சதவீதத்துக்கு மேல் விலகியவற்றை மட்டும் மாற்றினால் போதும். ஒலி எதிரெதிராகச் செல்லும் இரு பகுதிகளில் ஜோடியாக உள்ள இடத்தில் ஒன்றை மாற்றும்போது மற்றொன்றையும் மாற்றுங்கள்.

கேள்வி: கோயில் விழாக்களில் நாகசுரக் கச்சேரிகளைப் பதிவு செய்கிறேன். சீரமைத்த வால்வு கம்ப்ரஸரில், தவில் பலமாக விழும் ஒவ்வொரு முறையும் அடியில் ‘தொம்’ என்று ஓர் ஓசை எழுகிறது. தவிலின் ஓசை அன்று அது.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: நீங்கள் கேட்டது சரியே, அது கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தின் ஓசை. இவ்வகைக் கருவியில் ஒலி இரண்டு வால்வுப் பகுதிகளில் எதிரெதிராகச் செல்கிறது. கட்டுப்பாட்டு மின்னழுத்தமோ இரண்டு கிரிட்களுக்கும் ஒன்றுபோலச் செல்கிறது. இரு பகுதிகளின் மின்னோட்டமும் ஒரே அளவில் குறைந்தால் டிரான்ஸ்ஃபார்மரில் அந்த மாற்றம் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஒரு பகுதி மற்றதைவிடச் சற்றே அதிகம் குறைந்தால், மிச்சம் ‘தொம்’ என்று வெளியே வந்துவிடும்.

கடையில் ‘மேட்ச்’ செய்தது என்று விற்கப்படும் வால்வு பெரும்பாலும் ஒரே ஒரு பயஸ் (கிரிட்டின் நிலையான மின்னழுத்தம்) புள்ளியில்தான் அளக்கப்பட்டிருக்கும். கம்ப்ரஸரில் அது போதாது. ஓய்விலும், நடுத்தரக் குறைப்பிலும், ஆழ்ந்த குறைப்பிலுமாக மூன்று புள்ளிகளில் இரு பகுதிகளின் மின்னோட்டத்தை அளந்து, மூன்றிலும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகும் வால்வைத் தேர்ந்தெடுங்கள். பிளேட் ரெசிஸ்டர்களையும் இணைப்புக் கண்டென்சர்களையும் ஜோடி ஜோடியாக ஒத்த மதிப்பில் வையுங்கள். பிறகு ஒலி எதுவும் கொடுக்காமல், 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சாசியிலும், எதிர்முனையை 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கட்டுப்பாட்டுக் கம்பியிலும் தொட்டுத் தொட்டு எடுங்கள். ஹெட்ஃபோனில் அந்த ‘தொம்’ மட்டும் தனித்துக் கேட்கும். அது மிகக் குறையும் இடத்தில் பேலன்ஸ் கண்ட்ரோலை நிறுத்துங்கள். வால்வு அரைமணி நேரமாவது சூடேறிய பிறகே இதைச் செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாகசுரத்தையும் தவிலையும் ஒரே கம்ப்ரஸர் வழியாக அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. தவிலின் ஒவ்வொரு அடிக்கும் நாகசுரத்தின் நீண்ட கார்வை உள்ளே அமுங்கி மீள்வது, வாசித்தவர் செய்யாத ஒன்றைப் பதிவில் சேர்ப்பதாகும். தனித்தனி மைக் வைக்க வழியே இல்லையென்றால், கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் செல்லும் இணைப்புக் கண்டென்சரை மட்டும் சிறியதாக்கிப் பாருங்கள். 470 கிலோ ஓம் சுமையுடன் 0.0022 மைக்ரோஃபாரட் வைத்தால், ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி கட்டுப்பாட்டைத் தூண்டுவது குறையும். தவிலின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்து அடிக்கு நாகசுரம் குன்றுவதும் அந்த அளவுக்குக் குறையும். ஒலி செல்லும் பாதையை இம்மாற்றம் தொடுவதில்லை.

கேள்வி: 436பி-யில், குறைந்த ஒலியளவு மீண்டும் உயர எடுக்கும் மீள்நேரத்தை மாற்றும் குமிழ் இல்லை. சேர்த்தால் கருவியின் மதிப்பு கெடுமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இந்த மாற்றத்துக்குப் பெருமைக்குரிய முன்னோடி உண்டு. லண்டன் அபே ரோடு ஒலிக்கூடத்துக்காக இ.எம்.ஐ. பொறியாளர்கள் 1960-ஐ ஒட்டி இதே 436பி-யை மாற்றியமைத்து, ஆர்.எஸ்.124 என்று பெயரிட்டார்கள். பீட்டில்ஸ் குழுவின் பதிவுகளில் பயன்பட்ட கருவி அது. மீள்நேரத்தைப் படிப்படியாகத் தேர்வு செய்யும் சுவிட்ச்சோடு, ஒலியளவை அப்படியே நிறுத்திவைக்கும் ‘ஹோல்ட்’ நிலைகளும் அதில் இருந்தன. ஆல்டெக் நிறுவனமே பின்னர் 436சி-யில் மீள்நேரக் குமிழைச் சேர்த்தது.

செய்யும் முறையில்தான் கவனம் தேவை. ரோட்டரி சுவிட்ச்சில் பழைய ரெசிஸ்டரின் மதிப்பு ஒரு நிலையாகக் கட்டாயம் இருக்கட்டும். நேரத்தை நீட்டுவதற்காகப் பல மெகா ஓம் வரை போகாதீர்கள். கிரிட் மின்னோட்டத்தால் பயஸ் நகர்ந்துவிடும். ‘ஹோல்ட்’ வேண்டுமென்றால் கண்டென்சர் பாலிப்ரோபைலின் வகையாக இருக்க வேண்டும், மேலே சொன்ன உப்புக் கசிவும் அறவே இருக்கக் கூடாது. முன்தகட்டில் புதிய துளை போடாமல், பின்பக்கத்தில் ஏற்கெனவே உள்ள துளையிலோ தனியே ஒரு சிறு தகட்டிலோ சுவிட்ச்சைப் பொருத்துங்கள். டிரான்ஸ்ஃபார்மர்களை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். ஆல்டெக்கின் பீர்லெஸ் பிரிவு செய்த அவற்றில்தான் இக்கருவியின் ஒலி பெருமளவும் இருக்கிறது.

எந்த மாற்றத்தையும் தொடங்கும் முன், மூல நிலையில் முழுமையாகச் சீரமைத்துச் சில வாரங்களாவது கேளுங்கள். கசியும் கண்டென்சரால் வந்த குறையைக் கருவியின் குறை என்று எண்ணிச் செய்யப்பட்ட மாற்றங்களைப் பல பழைய கருவிகளுக்குள் காண நேர்கிறது.

கேள்வி: 436பி-க்கான 6பிசி8 வால்வு கிடைக்கவில்லை. எளிதில் கிடைக்கும் 12ஏஎக்ஸ்7 போடலாமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போட முடியாது. கிரிட் மின்னழுத்தம் எதிர்த்திசையில் ஏற ஏறப் பெருக்கம் படிப்படியாகக் குறையும் ‘ரிமோட் கட்-ஆஃப்’ வகை இங்கே வேண்டும். 12ஏஎக்ஸ்7 அவ்வகையன்று, அதன் கால் வரிசையும் வேறு. 6இஎஸ்8 எனப்படும் ஈசிசி189 பொருந்தும்; பயஸையும் பேலன்ஸையும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். அதே சாக்கெட்டில் நுழைகிறது என்பதற்காக ஈசிசி88-ஐப் போட்டு ஏமாறாதீர்கள்.

புதிதாக ஒரு கம்ப்ரஸரைக் கட்டிப் பழக விரும்பினால், புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய வால்வு ரேடியோ கண்ணில் பட்டால் விடாதீர்கள். அவற்றின் ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) பகுதியில் உள்ள ஈஎஃப்89, 6பிஏ6 போன்றவை ரிமோட் கட்-ஆஃப் வகையே; தொலைவான நிலையத்துக்கும் அருகிலுள்ள நிலையத்துக்கும் ஒலியளவைச் சமன் செய்ய அவை தேவைப்பட்டன. புகழ்பெற்ற ஆர்.சி.ஏ. பிஏ-6ஏ லிமிட்டரிலும் ரேடியோக்களில் பரவலாக இருந்த 6எஸ்கே7 வால்வுதான் இருக்கிறது.

கேள்வி: ஒளியைக் கொண்டு ஒலியளவைக் குறைக்கும் எல்ஏ-2ஏ கம்ப்ரஸரில் ஒளிப் பகுதி மங்கிவிட்டது. எல்.இ.டி. வைத்துச் சமாளிக்கலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வேண்டாம். அதில் உள்ள டி4 பகுதியில் ஒளிரும் தகடும் காட்மியம் சல்பைடு ஒளியுணரியும் சேர்ந்தே அந்தத் தனித்த மீள்நேரத்தைத் தருகின்றன: முதல் பாதி ஏறத்தாழ 0.06 நொடியில் மீளும், மீதி அரை நொடி முதல் ஐந்து நொடி வரை இழுக்கும். சாதாரண எல்.இ.டி. வைத்தால் அந்த நடை மாறிவிடும். டி4பி பகுதி இன்றும் புதிதாகத் தயாராகிறது. எட்டுக்கால் சாக்கெட்டில் செருகினால் போதும், ஈயம் வைக்கும் வேலையே இல்லை. மாற்றிய பின் மீட்டரின் பூஜ்ஜியத்தை மட்டும் மீண்டும் சரிசெய்துகொள்ளுங்கள்.